சாப்பிடாத பிள்ளைக்கு அரிசி

மனு எழுதுவது, அடுத்தவன் வயிற்றுக்காக நாம் அழுகிற தொழில். தாலுகா கச்சேரி வாசலில், புளியமரத்தடியில், ஒரு பலகையும் மைக்கூடும் வைத்துக்கொண்டு பல வருஷம் அழுதேன். எந்த ஊர்க் கச்சேரி என்று கேட்காதீர்கள். எல்லாம் ஒன்றுதான்.

சீக்காளிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கச்சேரி ஜன்னல் முன்னால் நின்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டலாம்.

அழகான மனு

சண்டைக் காலம். பர்மா அரிசி நின்றுபோயிற்று. ரேஷன் அட்டை வந்தது. கடையில் போட்டது மக்காச்சோளம். கேழ்வரகாக இருந்தாலாவது கூழ் கரைக்கலாம்.

என் மகள் செல்லிக்கு மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. இரண்டு காலும் வலது கையும் போயின. தொண்டையும் பாதி போயிற்று. குழையக் காய்ச்சிய அரிசிக் கஞ்சி மட்டும் இறங்கும். மக்காச்சோளத்தை எத்தனை இடித்துச் சலித்தாலும் தொண்டையில் நின்று மூச்சை அடைக்கும். நான் சொல்கிற சமயத்தில் அவளுக்கு எட்டு வயது. நோயாளியின் பங்கை மட்டும் அரிசியாக மாற்றிக் கொடுக்க சர்க்காரில் ஒரு விதி இருந்தது. விதி இருந்தால் மனு உண்டு. மனு என்றால் நான்.

ஊருக்கெல்லாம் அழுததைவிட ஒரு பங்கு கூடவே அழுது எழுதினேன். எங்கள் தொழிலில் அப்படித்தான். கூரை ஒழுகினால் வீடே விழுந்தது என்போம். சளி பிடித்தால் சாகக் கிடக்கிறான் என்போம். 'என் மகள் வாயில் பல நாட்களாக ஒரு பருக்கையும் இறங்கவில்லை' என்று முடித்தேன். படித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. சப்ளை குமாஸ்தா இரண்டு தடவை படித்தார். காகிதத்தை ஜன்னல் வழியாகத் திருப்பி நீட்டினார்.

"சாப்பிடாத பிள்ளைக்கு அரிசி எதுக்குங்க?"

எப்போது தீரும்?

டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். எங்கள் கம்பைநல்லூரிலிருந்து மாட்டுவண்டியில் மொரப்பூர். அங்கே ரயில். செல்லியைத் தோளில் போட்டுக்கொண்டு சேலத்தில் ஒரு டாக்டரைப் பார்த்து வாங்கி வந்தேன். குமாஸ்தா பார்த்தார். வியாதி எத்தனை நாளில் தீரும் என்று அதில் போடவில்லையாம். திரும்பவும் வண்டி, திரும்பவும் ரயில். செல்லிக்கு மட்டும் சந்தோஷம். ரயில் ஜன்னல் ஓரம் அவளுக்குத்தான்.

டாக்டர் வயசானவர். என்னைவிடக் கோபக்காரர். பேனாவை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"தீராதுன்னு எழுதினா, தீராத சீக்குக்கு அரிசி தண்டம்பான். தீரும்னு எழுதினா, தீரட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்கோம்பான். நீர்தானே மனு எழுதுறவர், என்ன எழுதணும்னு நீரே சொல்லும்."

கடைசியில் அவரே 'மூன்று மாதம் கழித்துப் பார்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை வாங்கி மடித்துக்கொண்டேன். தோளில் இருந்த செல்லி காதருகே கேட்டாள்.

"மூணு மாசம் கழிச்சு மறுக்காவும் ரயில்ல வரலாமாப்பா?"

கணக்கில் வராதவன்

சித்தேரி மலையிலிருந்து இறங்கிவந்து கீழே குடியிருந்த ஒருவர் மரத்தடிக்கு வந்தார். நரைத்த தாடி. முதுகில் ஒரு தூளி. தூளிக்குள் பத்து வயதுப் பையன். பிறவிக் குருடு, நடையும் கிடையாது. அட்டை போடத் தலை எண்ண வந்தவன் வாசலில் நின்றவர்களை எண்ணிக்கொண்டு போய்விட்டான். பையன் உள்ளே படுத்திருப்பதைச் சொன்னதற்கு, 'அது எங்க கணக்குல வரப்போவுது' என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். 'கண்ணும் காலும் இழந்து, பெற்றோருக்குப் பாரமாகி, பூமிக்குச் சுமையாகி...' எழுதுவதைச் சத்தமாகப் படிப்பது என் வழக்கம். தூளிக்குள் பையன் முகத்தைத் துணிக்குள் இழுத்துக்கொண்டான். குருடன்தானே, செவிடனில்லையே. இத்தனை வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் முன்னால் இப்படிப் படித்தேனோ. செல்லியின் மனுவையும் அவளை மடியில் வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

மலைக்காரர் கையை நீட்டிக் காகிதத்தின் மேல் வைத்தார். மை அழிந்தது.

"அளுவாத சாமி. எம்புள்ள இருக்குதுன்னு எளுது. அது போதும்."

மூன்று வரி

அன்றைக்கே செல்லிக்குப் புது மனு எழுதினேன். மொத்தம் மூன்று வரி. 'என் மகள் இருக்கிறாள். அவளுக்கு மக்காச்சோளம் இறங்காது. விதிப்படி அவள் பங்கை அரிசியாகக் கொடுக்கவும்.' 'துரை அவர்கள் சமூகத்துக்கு' என்ற கும்பிடும் இல்லை, 'தங்கள் பாதாரவிந்தங்களில்' என்று காலில் விழுவதும் இல்லை. சர்டிபிகேட்டைப் பின்னால் குத்தினேன். குமாஸ்தா வாங்க மாட்டேன் என்றார். தாசில்தார் வெளியே வருகிற வரைக்கும் நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. பின்னால் வரிசை நின்றது. நிற்கட்டும்.

தாசில்தார் நின்றபடியே படித்தார். தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். குத்தியிருந்த சர்டிபிகேட் மட்டும்தான்.

"என்னய்யா இது, மனுவா உத்தரவா?"

"எதுக்கு அரிசி கிடைக்குமோ, அதுன்னு வச்சுக்குங்க" என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஓரத்தில் ஏதோ கிறுக்கி குமாஸ்தாவிடம் கொடுத்தார்.

"வூட்டுக்கு ஆள் அனுப்பிப் பாருங்க. பொண்ணு இந்தாளு மாதிரியே பேசினா, சாங்ஷன் பண்ணிடலாம்."

விசாரணை

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தலையாரி முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டார். என் சம்சாரம் ராசம்மா பாயை விரித்து, செல்லியைப் படுக்கச் சொன்னாள். முனகவும் சொன்னாள். செல்லி கேட்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இடது கையால் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். ஜெயிக்கிற ஆட்டமாம். பாதியில் விட முடியாதாம்.

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று பார்த்தார். "பொண்ணு கலகலன்னுதானே இருக்கு?" என்றார். நோயாளி சிரிக்கக் கூடாது என்று விதியில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவருக்குக் கோபம். மக்காச்சோளக் களியைத் தன் முன்னால் ஊட்டிக்காட்டச் சொன்னார். இறங்காததைக் கண்ணால் பார்த்துத்தான் எழுதுவாராம்.

ராசம்மா குறுக்கே வந்து நின்றாள். போன மாசம்தான் ஒரு வாய் அடைத்து, பிள்ளை நீலம் பூத்துப்போய், தலைகீழாய்ப் பிடித்துத் தட்டி மீட்டிருந்தோம். நான் அடுப்படிக்குப் போனேன். சட்டியில் எங்கள் இரண்டு பேருக்குமான களி இருந்தது. ஒரு உருண்டை எடுத்துத் தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன். "முதல்ல நீங்க சாப்பிடுங்க. சர்க்கார் போட்டதுதான்" என்றேன். தலையாரி வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ரோஷக்காரர். ஒரு பெரிய வாய் போட்டார். சொரசொரவென்று போய் நடுத்தொண்டையில் நின்றுவிட்டது. இருமினார். கண்ணில் தண்ணீர். சொம்புத் தண்ணீர் முழுக்கக் குடித்தார். செல்லி கல்லைக் கீழே வைத்தாள்.

"அப்பா, பாவம்பா. அவருக்கும் அரிசி எழுதிக் குடுங்க."

நல்லாப் பாருங்க

அரிசி வந்தது. மூன்று மாதத்துக்கு. மூன்று மாதம் முடிந்ததும் நின்றது. ஜன்னலுக்குப் போனால், "இன்னும் குணமாகலீங்களா?" என்றார் குமாஸ்தா. புது சர்டிபிகேட், புது மனு, பிள்ளையை நேரில் காட்ட வேண்டும். காட்டினேன். அடுத்த மூன்று மாதம் முடிந்தும் காட்டினேன். செல்லிக்கு ரயில் பழகிவிட்டது.

மரத்தடிக்கு வருகிறவர்களுக்கும் அப்போதிலிருந்து மூன்று வரிதான் எழுதினேன். இன்னும் கொஞ்சம் அழுது எழுதுங்க என்று கெஞ்சுவார்கள். அழுவதானால் வேறு ஆளைப் பார் என்பேன். சிலர் போனார்கள். இருந்தவர்களிடம், பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வராதே, தூக்கிக்கொண்டு வா என்றேன். ஒரு சந்தை நாள், வலிப்புக்காரப் பையன், கால் வீங்கிய பெண், தூளியில் மலைக்காரரின் மகன், தோளில் செல்லி. ஜன்னல் முன்னால் பிள்ளைகள்தான் வரிசை. ஒன்று அழுதது, ஒன்று பாடியது, ஒன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. குமாஸ்தா எழுந்து நின்றுவிட்டார். "எதுக்கு எல்லாத்தையும் இங்க தூக்கிட்டு வர்றீங்க? இது ஆபீஸா, ஆஸ்பத்திரியா?" என்று கத்தினார். வலிப்புக்காரப் பையனின் ஆத்தா, பொம்மிடிப் பக்கத்துப் பெண், அதுவரை வாய் திறந்தே பார்த்ததில்லை. பையனைத் தூக்கி ஜன்னல் பலகை மேல், அவர் காகிதங்களின் மேலேயே உட்கார வைத்தாள்.

"நீங்கதானுங்க நேர்ல காட்டச் சொன்னீங்க. பாருங்க. நல்லாப் பாருங்க."

அன்று யார் மனுவும் திரும்பி வரவில்லை. மலைக்காரர் மகன் பெயரும் அட்டையில் ஏறியது.

சர்க்கார் காகிதத்தில் என் மகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குணமாகிக்கொண்டே இருந்தாள், என் வீட்டில் ஒரு நாளும் ஆகவில்லை, ஆனால் அவள் கஞ்சி மட்டும் அதற்கப்புறம் ஒரு வேளையும் தவறவில்லை.