செத்த கிருமி இன்னொரு முறை சாகுமா?

நோய் வந்த பிறகு வருகிறவரை ஊர் கைகூப்பி வரவேற்கும், வருமுன்னே வருகிறவரை, "இன்னா சமாச்சாரம்?" என்று கேட்கும். கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காகச் சவ்வாது மலையில் ஏறி இறங்கும் நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டி நடந்து, வசவையும் வாங்கித் திரும்பிய அன்பர்களே, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

உருகிய பெட்டி

நெல்லிவாசல்நாட்டுச் சிற்றூர் ஒன்றுக்குக் வாயிலும் குளம்பிலும் புண் வைக்கும் கோமாரி நோய்க்கு ஊசி கொண்டுபோன நாளில், ஜீப் பாதி வழியில் நின்றுவிட்டது. வெயிலில் காத்திருந்து, பிறகு நடந்து, ஊரை அடைந்து பெட்டியைத் திறந்தால் ஐஸ் முழுதும் நீராகியிருந்தது. மருந்துக் குப்பிகள் வெதுவெதுத்தன. வேலையை விட்டு மாடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களிடம், மருந்து கெட்டுவிட்டது, இன்னொரு நாள் வருகிறேன் என்றேன்.

அவர்களுள் மல்லிகா என்பவருக்கு ஓர் எருதுதான். அடுத்த ஊரிலிருந்த அவர் தம்பி சாமிக்கண்ணுவுக்கும் ஓர் எருதுதான். இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டித்தான் இரு குடும்பமும் சாமை விதைக்கும். அன்று தம்பியும் தம் எருதை ஓட்டி வந்திருந்தார். ஊசியில் இருப்பது உயிர்ப்பு நீக்கிய கிருமி என்று முன்பே நான் சொல்லியிருந்ததை மல்லிகா மறக்கவில்லை. ஊரே சிரிக்கும்படி கேட்டார்: "செத்துப்போன கிருமின்னு நீங்கதான சொன்னீங்க சார்? செத்தது வெயில்ல இன்னொரு தபா சாவுமா?"

கள்ளனின் சட்டை

புதிய மருந்துடன் மீண்டும் சென்றேன். சாமிக்கண்ணு வரவில்லை, ஒரு நாள் வேலை கெட்டது போதும் என்றாராம். மல்லிகாவுக்கு விடை சொல்லாமல் ஊசியைத் தொடுவதில்லை என்று உறுதி கொண்டிருந்தேன். அவரிடம் இப்படி விளக்கினேன்: இந்தக் கிருமி காலும் வாயும் உள்ள பூச்சியன்று. நடுவே பரம்பரைச் செய்தியைத் தாங்கிய ஓர் இழை, அதைச் சுற்றிப் புரதத் துண்டுகள் இசைவாகப் பொருந்திய ஓர் ஓடு, அவ்வளவே. மருந்தில் அந்த இழை செயலற்றுக் கிடக்கும். ஓடு மட்டும் முழுதாக இருக்கும். அந்த உருவத்தைக் கண்டுதான் மாட்டின் உடல் பகைவனை அறிந்துகொள்கிறது. சூட்டில் ஓடு துண்டு துண்டாகக் கழன்றுவிட்டால் அறிவதற்கு உருவம் ஏது? ஊசி போட்டோம் என்ற பெயர் இருக்கும், காப்பு இராது. காவலில்லாத வீட்டைவிடப் பொய்க்காவல் உள்ள வீட்டுக்கே கேடு அதிகம்.

எருதின் கயிற்றை இறுகப் பிடித்தபடி மல்லிகா சொன்னார்: "அப்போ ஊசில இருக்கறது திருடன் இல்ல, திருடனோட சொக்கா. அதுவும் கந்தலாயிட்டா யாருதுன்னு மாட்டுக்கு எப்டித் தெரியும்? போடுங்க சார்."

புளித்தண்ணீர்

சில நாள்களில் சாமிக்கண்ணுவின் ஊருக்குள் கோமாரி புகுந்தது. அவருடைய எருது வாயில் நுரை ஒழுக, குளம்பு புண்ணாகி நொண்டியது. அவர் புளியைக் கரைத்துக் குளம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். புளிப்பு பட்டால் இந்தக் கிருமியின் ஓடு கலைந்துபோகும் என்பது மெய்யே. ஆயினும், உயிரணுவுக்குள் புகுந்துவிட்ட கிருமி தன் ஓட்டுத் துண்டுகளையும் இழையையும் அங்கேயே தனித்தனியாகச் செய்வித்துக்கொள்ளும். பின்பு அவை தாமே ஒன்றுகூடிப் புதுக் கிருமிகளாக எழும். அங்கே புளி எட்டாது என்று அவரிடம் சொன்னேன். தனித்துக் கிடந்தால் ஒரு கன்றுக்கும் தீங்கு செய்ய மாட்டாத துண்டுகள், கூடியதும் ஊர் மந்தையையே சாய்க்கின்றன. தீமைக்கு வாய்த்த இந்த ஒற்றுமை நமக்கு வாய்த்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

எருதை ஊரைவிட்டு வெளியே ஓட்ட வேண்டாம், கொட்டகையைச் சலவை சோடாக் கரைசலால் கழுவுங்கள் என்றேன். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. "வெளில இருக்கறவன புளி அடிச்சிடும். உள்ள பூந்தவன அடிக்கத்தான் நீங்க ரெண்டாந்தபா வந்தீங்க. நான்தான் வர்லியே சார்."

நுகத்தின் மறுபக்கம்

மழை பெய்தது. சாமிக்கண்ணுவின் எருதும் தேறிப் புல் தின்னத் தொடங்கியது. ஈரம் காய்வதற்குள் விதைக்காவிட்டால் மல்லிகாவுக்கு அந்த ஆண்டு சாமை இல்லை. ஆனால் தேறிய மாட்டின் தொண்டையிலும் கிருமி பதுங்கியிருக்கக்கூடும். மல்லிகாவின் ஊரிலோ ஊசி போடும் வயதை எட்டாத கன்றுகள் பல. ஆகவே தம்பியின் எருதை இப்போது ஊருக்குள் கொண்டுவர வேண்டாம் என்று மல்லிகாவிடம் சொன்னேன். பசித்த குடும்பத்திடம் ஊர் நலம் பேசுவது எளிதன்று, அன்பர்களே.

மறுநாள் அஞ்சியபடியே மலையேறினேன். சரிவில் ஏரும் இல்லை, எருதும் இல்லை. தம்பி எருதை விட்டுவிட்டுத் தனியே வந்து, ஊர் எல்லையில் துணி மாற்றி, கைகால்களைச் சோடாக் கரைசலில் கழுவிக்கொண்டு, அக்காளுக்குப் பக்கத்தில் மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தார். நிலம் முழுவதையும் அப்படிக் கொத்தி முடிக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். மேல்பாதி தரிசாகவே கிடக்கப்போகிறது. கிருமித் துண்டுகள் கூடும் கதையைத் தம்பி சொல்லக் கேட்டிருந்த மல்லிகா மூச்சு வாங்க என்னைப் பார்த்தார்: "ஒத்த மாடு ஏருக்கு ஒதவாது, ரெண்டு ஆளு கொத்துக்கு ஒதவும். கிருமிக்கு மட்டுந்தான் ஒண்ணு சேரத் தெரியுமா இன்னா?"

அந்த ஆண்டு மல்லிகாவின் ஊரில் ஒரு கன்றுக்கும் கோமாரி வரவில்லை, ஆதலால் அடுத்த முறை நான் ஐஸ் பெட்டியுடன் போய் நின்றபோது, நம் தொழிலுக்கு உரிய பரிசைத் தவறாமல் வழங்கினார்கள்: "வராத நோவுக்கு எதுக்குங்க ஊசி?"