மேலுடம்புக் காயம்

என் கணவர் பிரெஞ்சு பழகியது வகுப்பறையில் அல்ல, ஹொக்கி வர்ணனையில். துறைமுகப் பக்கம் ஒரு பண்டகசாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அங்கே ஓடிக்கொண்டிருந்த ரேடியோதான் அவருக்கு வாத்தியார். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், முதல்நாள் ஆட்டத்தில் கோல்காப்பாளர் விட்ட பிழையைப் பற்றி அவரும் ஒரு வசனம் சொன்னாராம். மேசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்களாம். அதற்கு முந்தின எட்டு மாதமும் அவருடன் யாரும் கதைத்ததில்லை.

ஆகவே வில்லரே என்ற பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டில் ஹொக்கியைப் பற்றி நான் ஒரு குறையும் சொன்னதில்லை. ஆட்டம் நடக்கிற நேரம் நான் குசினியில் இருப்பேன், அல்லது உடுப்பு மடிப்பேன். வென்றார்களா தோற்றார்களா என்பது அவர் போடுகிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஐஸ் ஹொக்கி என்றால் எனக்கு அந்தச் சத்தம்தான்.

நான் ஒரு கார்டெரியில் வேலை செய்கிறேன். இரண்டு வயதும் மூன்று வயதுமான பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்கிற இடம். போன பெப்ரவரியில் ஒரு காலை, இரவு முழுக்கப் பெய்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்து நடைபாதை கண்ணாடியாகிக் கிடந்தது. உப்புப் போடுகிற வண்டி இன்னும் வரவில்லை. கார்டெரி வாசலுக்கு இன்னும் ஒரு தெருமுடக்கு இருக்கும்போது கால் வழுக்கி மல்லாக்க விழுந்தேன். பின்மண்டை அடிபட்ட சத்தம் எனக்குள்ளேதான் கேட்டது. யாரும் பார்த்தார்களோ என்ற வெட்கத்தில் உடனே எழும்பி, கோட்டைத் தட்டிவிட்டு வேலைக்குப் போனேன். வட்டமாக உட்கார்ந்து பிள்ளைகளுடன் பாட்டும் பாடினேன்.

மத்தியானம் அவர்களை வெளியே கூட்டிப்போக ஆயத்தப்படுத்தும்போது ஒரு பிள்ளையின் பூட்ஸை இன்னொரு பிள்ளைக்குப் போட்டேன். கழற்றினேன். திரும்பவும் அதே காலில் அதையே போட்டேன். அந்தப் பெண்பிள்ளை என் முகத்தைப் பார்த்து அழத் தொடங்கியது. அப்போதுதான் எங்கள் பொறுப்பாளர் வந்து என்னைக் கதிரையில் இருத்தினார்.

வைத்தியர் அதற்கு 'கொமோசியோன்' என்று பெயர் சொன்னார். மூளை மண்டையோட்டுக்குள் குலுங்கிவிட்டது. ஸ்கான் படத்தில் ஒன்றும் தெரியாது, ஆனால் காயம் இருக்கிறது. இருட்டான அறை, போன் இல்லை, டிவி இல்லை, வாசிப்பு இல்லை. எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் வித்தியாசம் என்றார்.

என் கணவர் அந்த வாரங்களில் என்னைப் பார்த்த விதத்தை நான் மறக்க மாட்டேன். படுக்கையறை ஜன்னலில் திரைக்கு மேல் ஒரு போர்வையை ஆணி அடித்து மாட்டினார். ஆணி அடிக்க முதல் என்னை மகளின் அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். மணிக்கூட்டின் பற்றரியைக் கழற்றினார். கரண்டியைக் கோப்பையில் வைக்கிற சத்தம்கூட எனக்குக் குத்தும் என்று தெரிந்து, சாப்பாட்டைத் துணி விரித்த தட்டில் கொண்டுவருவார். ஆட்டம் பார்க்கிறபோது காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு பார்த்தார். இருபது வருடத்தில் முதல் தடவையாக எங்கள் வீட்டில் ஹொக்கி சத்தமில்லாமல் நடந்தது.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவருடைய வேலைத்தல நண்பர் ஒருவர் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். அவர் இங்கத்தைய ஆள், அறுபது வயதை எட்டியவர். அந்த எட்டு மாதத்துக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் என் கணவருக்குப் பக்கத்தில் முதலில் வந்து உட்கார்ந்தவர். இளம் வயதில் சம்பளத்துக்கு ஹொக்கி ஆடியவர்; பெரிய லீக்கில் அல்ல, அதற்குக் கீழே. இரண்டு பேரும் டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று ஒரு கூச்சல். இரண்டு குரலும் சேர்ந்து, சந்தோசமாக. கதவைத் துளைத்துக்கொண்டு வந்து என் தலைக்குள் இறங்கியது. நான் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து முன்னறை வாசலுக்கு வந்தேன்.

டிவியில் அதே காட்சியை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். ஒருவன் குனிந்து, பந்துக்குப் பதிலாக அடிக்கிற அந்த ரப்பர்த் தட்டைப் பார்த்தபடி வருகிறான். இன்னொருவன் பக்கத்திலிருந்து முழு வேகத்தில் வந்து தோளால் இடிக்கிறான். குனிந்தவனின் தலை வேறு யாருடைய தலையோபோல ஒரு பக்கம் சுழல்கிறது. ஐஸில் விழுவதற்கு முதலே அவன் உடம்பில் அவன் இல்லை. ஒரு கை மட்டும் விறைத்து மேலே நிற்கிறது. அதை வேறொரு பக்கத்திலிருந்தும் காட்டினார்கள். பிறகு இன்னொரு தடவை.

என் கணவர் அப்போதுதான் என்னைக் கண்டார்.

"ஐயோ, நீர் ஏன் எழும்பி வந்தனீர்? தெரியாமல் சத்தம் போட்டிட்டம். போய்ப் படும்."

"அந்தப் பிள்ளைக்கு என்ன?"

"எழும்பிட்டான். உள்ளை கொண்டு போறாங்கள்."

"அடிச்சவனுக்கு என்ன தண்டனை?"

"தண்டனை ஒண்டும் இல்லை. அது சுத்தமான அடி," என்றார்.

சத்தம் கேட்டு எங்கள் மகளும் தன் அறையிலிருந்து வந்திருந்தாள். பதினைந்து வயது, எதையும் போனில் தேடிப் பார்த்துவிடுகிறவள். "அம்மா, தலையைக் குறிவைச்சு அடிச்சாத்தான் பெரிய லீக்கிலை பிழை. முதல்லை தோள் பட்டு, பேந்து தலை பட்டா அது ஓகேயாம்," என்றாள். நான் அந்தப் 'பேந்து' என்ற சொல்லையே நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன். காட்டிய படத்தில் முதலும் பேந்தும் இருக்கவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில்தான் நடந்தது.

அதற்குப் பிறகு காலையில் தேத்தண்ணி கொண்டுவரும்போதெல்லாம் அவரிடம் அந்த ஆட்டக்காரனைப் பற்றிக் கேட்டேன். அவன் பெயர்கூட எனக்கு வாயில் நிற்கவில்லை. ஆனால் அவனும் எங்கோ ஒரு இருட்டு அறையில் கிடக்கிறான் என்ற எண்ணம் என்னை விடவில்லை. யாராவது அவனுக்கு மணிக்கூட்டின் பற்றரியைக் கழற்றியிருப்பார்களா?

"என்ன காயமெண்டு சொல்லுறாங்கள்?"

"மேலுடம்புக் காயமாம்."

"தலையோ?"

"அதைச் சொல்ல மாட்டாங்கள். இடுப்புக்கு மேலை எது நடந்தாலும் மேலுடம்புதான். தலையெண்டு தெரிஞ்சா மற்ற அணிக்காரன் அதிலையே பாத்து அடிப்பான் எண்டு பயம்."

விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். சிரிக்கத் தலை வலித்தது.

"எங்கடை கார்டெரியிலை ஒரு பிள்ளை மற்றதைத் தள்ளித் தலை அடிபட்டா, வேணுமெண்டு தள்ளினதோ தெரியாமல் தள்ளினதோ எண்டு நாங்கள் முதல்லை பாக்கிறேல்லை. தலையெண்டா உடனை தாய்தேப்பனுக்குப் போன் எடுக்க வேணும். தள்ளின பிள்ளையையும் விளையாட்டிலை இருந்து எடுத்து இருத்துவம். இவங்கள் வளந்த ஆக்கள், இவங்களுக்கு அது ஏலாதோ?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை.

"இஞ்சை பாரும், அதுகள் குழந்தையள். இவங்கள் தெரிஞ்சுதான் இறங்கிறாங்கள். ஆறரை அடி உயரத்திலை ஒருத்தன், கட்டையனை இடிச்சா அவன்ரை தோள் எங்கை போய்ப் படும்? தலையிலைதான். அதுக்கெல்லாம் விசில் ஊதினா ஒருத்தனும் இடிக்க மாட்டான். பேந்து அது ஹொக்கி இல்லை. சும்மா சறுக்கித் திரியிறது."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. நான்கூட அன்றைக்கு எழும்பி, உடுப்பைத் தட்டிவிட்டு வேலைக்குத்தானே போனேன்? என்னை ஒருவரும் வற்புறுத்தவில்லை. விழுந்தவன் எழும்பி நிற்பதைக் கண்டு சனங்கள் கைதட்டுவதும், நான் எழும்பி நடந்ததும் ஒரே வெட்கத்தில் பிறந்ததுதானோ என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கண்ணுக்குப் பின்னால் வலித்தது.

இரண்டு கிழமை கழித்து அந்த நண்பர் ஒரு தகர டின்னில் மேப்பிள் பாகு கொண்டுவந்தார். அது பாகு காய்ச்சுகிற காலம். என் கணவர் பால் வாங்க டெப்பனர் என்கிற முடக்குக் கடைக்குப் போயிருந்தார். நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு குசினியில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன், நீங்கள் ஆடிய காலத்தில் தலையில் அடிபட்டதில்லையா என்று.

"அடிபடாமலா? தலைக்குள் மணி அடித்துவிட்டது என்போம். பெஞ்சில் இருத்தி, மயக்கம் தெளிய மூக்கில் நெடியான ஒரு உப்பைக் காட்டுவார்கள். கண் தெளிந்தால் திரும்பவும் உள்ளே போவோம்," என்றார்.

"எத்தனை தரம்?"

"யார் எண்ணினார்கள்?"

"அப்படி அடிப்பதற்குத் தண்டனை இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கவில்லையா? முதலில் எது பட்டது என்று பார்க்காமல்?"

அவர் டின்னை மேசையில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். "இல்லை," என்றார். பிறகு சொன்னார்: "இப்போது அதைக் குற்றம் என்று சட்டம் எழுதினால், அன்றைக்கு எனக்கு நடந்ததும் குற்றம் என்றாகிவிடும், மதாம். நான் அதை ஆட்டம் என்று நினைத்துத்தான் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறேன். அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்."

அவர் போனபின் இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் பால் பெட்டியைக் கையில் வைத்தபடி நின்றார்.

"அவர் இப்ப கொஞ்சம் மறக்கிறார்," என்றார். "ஒரு வருசமா. சாமான் தூக்கிற ஃபோர்க்லிஃப்டை எடுத்துக்கொண்டு போய் எந்தக் கதவெண்டு தெரியாமல் நிப்பார். நான் கையைக் காட்டுவன். ஆருக்கும் தெரியாது."

"டொக்டரிட்டைப் போனவரோ?"

"போக மாட்டார்."

"இதெல்லாம் தெரிஞ்சுகொண்டும் அண்டைக்கு எப்பிடிக் கத்தினனீங்கள்? அவரைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு? என்னை இந்த அறைக்குள்ளை வைச்சுக்கொண்டு?"

அவர் பாலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். எனக்குக் கேட்காமல் இருக்க, மிக மெதுவாக.

"அதை நான் யோசிக்கிறேல்லை. யோசிச்சா பாக்கேலாது," என்றார்.

அவரை அதற்கு மேல் நான் குத்தவில்லை. ஆனால் ஃபோர்க்லிஃப்ட் விடயத்தில் விடவில்லை. அந்த வண்டிக்கு முன்னால் யாராவது நின்றால் என்ன நடக்கும் என்று கேட்டேன். சில நாட்கள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தன்னோடு முதலில் கதைத்த மனிசனை மேலதிகாரியிடம் காட்டிக்கொடுக்க அவரால் முடியாது. கடைசியில் மேலதிகாரியிடம் போகாமல், இனி வண்டியை எடுக்க வேண்டாம் என்று நண்பரிடமே நேரே சொன்னார். நண்பர் எல்லோருக்கும் முன்னால் அவரை ஏசிவிட்டுப் போனாராம். பிறகு வீட்டுப் பக்கம் வரவே இல்லை. வசந்தம் முழுக்க என் கணவர் தனியாகவே ஆட்டம் பார்த்தார்.

அடிபட்ட ஆட்டக்காரன் ஏப்ரலில் திரும்பி வந்து முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டான். என் கணவர் படுக்கையறைக்கு ஓடிவந்து, குசுகுசுப்பாக, "பாத்தீரோ, ஒண்டுமில்லை, வந்திட்டான்!" என்றார். அவர் முகத்தில் இருந்த ஆறுதலைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. அது அவனுக்காக மட்டும் வந்த ஆறுதல் அல்ல.

மே மாதம் நான் அரைநாள் வேலைக்குத் திரும்பினேன். ஜூனில் நண்பர் தானாகவே வண்டித் திறப்பை மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டார். பிறகு ஒரு ஞாயிறு வந்து, ஒன்றும் நடக்காததுபோல என் கணவருடன் பல்கனியில் உட்கார்ந்து பியர் குடித்தார். அவருடைய மகள் அவரை வைத்தியரிடம் கூட்டிப்போனாள். அடியால் வந்தது என்று வைத்தியர் அறுதியாகச் சொல்லவில்லை. அவருடைய தகப்பனுக்கும் கடைசிக் காலத்தில் இப்படி மறதி வந்ததாம். யாரைக் குற்றம் சொல்வது என்று இல்லாமல் அது அப்படியே நிற்கிறது.

எனக்கு இப்போது பெரும்பாலும் சுகம். சத்தமான இடத்தில் மட்டும் சொற்கள் வழுக்கும். ஒருநாள் 'கரண்டி' என்ற சொல்லைத் தேடி நின்றேன், தமிழிலும் வரவில்லை, பிரெஞ்சிலும் வரவில்லை. ஒரு பிள்ளை எடுத்துத் தந்தது.

இந்த இலையுதிர் காலத்தில் புதிய பருவம் தொடங்கியபோது நானும் முன்னறையில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். பிடித்துப்போய் அல்ல. என்ன நடக்கிறது என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஊகிக்க இனி விருப்பமில்லை. போன கிழமை ஒரு பின்னேரம் அப்படி ஒரு இடி நடந்தது. தோள், பிறகு தாடை. விழுந்தவன் முழங்காலில் நின்றபடி கையுறையைத் தேடினான். அது அவனுக்கு முன்னாலேயே கிடந்தது. நடுவர் கையைத் தூக்கவில்லை. என் கணவர் சத்தம் போடவில்லை. டிவியைப் பார்த்துப் பிரெஞ்சில், "இதற்கு இரண்டு நிமிடமாவது அடித்தவனை வெளியே இருத்தியிருக்க வேண்டும்," என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தோசம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இரண்டு நிமிடம் என்பது என்ன கணக்கு?

இடைவேளையில் போன் அடித்தது. நண்பர். அவருடைய குரல் எனக்கும் கேட்டது: அது சுத்தமான அடி, முதலில் தோள்தான் பட்டது, நடுவர் செய்தது சரி. என் கணவர், "ஓம், ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு பிரெஞ்சில் நல்லிரவு சொல்லிப் போனை வைத்தார்.

நான் தேத்தண்ணி ஊற்றி முடிக்கவில்லை, போன் திரும்பவும் அடித்தது. அதே நண்பர். பார்த்தாயா அந்த அடியை, என்று தொடங்கினார். சுத்தமான அடி, முதலில் தோள்தான் பட்டது.

என் கணவர் இப்போதுதான் முதல் தரம் கேட்கிறவர்போல, இடையில் மறிக்காமல், கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.