காத்துக்கு முதுகு காட்டி நின்ன காத்தாடி

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, தை மாசக் கடைசியில ஒரு வியாழக்கிழமை காலையில நடந்தது இது. இடம், பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை ஓரத்துல நிக்கற ஒரு காத்தாடியோட உச்சி. பிள்ளைங்க கையில வச்சு ஓடுமே அந்தக் காத்தாடி இல்லீங்க, கரண்ட் எடுக்கற காத்தாடி. எனக்கு மீன்சுருட்டிப் பக்கம். ஐ.டி.ஐ. முடிச்சுட்டு அரியலூர்ல ஒரு சிமெண்ட் ஆலையில கொஞ்ச வருஷம் தூசியைத் தின்னேன். அப்புறம் இந்த வேலைக்கு வந்துட்டேன். காத்தாடியில கோளாறு வந்தா உள்ளார இருக்கற ஏணியில ஏறி, உச்சியில போய் சரி பண்ணணும். இருபத்தஞ்சு மாடி உயரம் இருக்கும். அதுக்கெல்லாம் நான் பயந்ததில்ல. எனக்கு இருக்கற ஒரே வியாதி வாய் நீளம். அந்த வாயால ஒரு மனுஷன் உயிர் போகப் பாத்துச்சு.

அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமையில இருந்து சொன்னாத்தான் புரியும். மலையடிவாரத்து டீக்கடையில நானும் என் கூட்டாளியும் உக்காந்திருந்தோம். கூட்டாளிக்கு ஏலாக்குறிச்சி. ரெண்டு பேரும் சேர்ந்துதான் எப்பவும் ஏறுவோம். அந்தக் கடைக்கு தை, மாசியில வெளியூர்ல இருந்து ஒரு கூட்டம் வரும். பெரிய துணிச் சிறகைத் தலைக்கு மேல விரிச்சுக்கிட்டு, மலை மேல இருந்து ஓடிக் குதிச்சு, எஞ்சின் ஒண்ணும் இல்லாம மணிக்கணக்கா மிதக்கறவங்க. கிழக்கே இருந்து வர்ற காத்து மலையில முட்டி மேல எழும்புமாம், அந்தக் காத்து மேலயே இவங்க உக்காந்துக்குவாங்களாம். வேலை வெட்டி இல்லாதவங்கன்னுதான் அதுவரைக்கும் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

அன்னைக்கு அவங்களுக்குள்ளயே பெரிய சண்டை. மலை ஓரத்துல இன்னும் நாலு காத்தாடி வரப்போகுதுன்னு பேச்சு அடிபட்டிருந்துச்சு. அவங்கள்ல மூத்தவர் ஒருத்தர், மீசைக்காரர், டீ கிளாஸை டொக்குன்னு வச்சுட்டு கத்தினார். "கொள்ளிடத்துப் பாலத்துல தூணுக்குப் பின்னாடி தண்ணி எப்படிச் சுழிக்குது? அதே மாதிரி அந்த விசிறிக்குப் பின்னாடி காத்து சுழிக்கும்யா. கண்ணுக்குத் தெரியாது. உள்ள மாட்டுனா சிறகு சுருண்டுரும். இன்னும் நாலு வந்தா இந்த மலையையே மறந்துட வேண்டியதுதான்." மனு எழுதிக் கொடுக்கணும்னு ரெண்டு மூணு பேர் அவரோட சேர்ந்துக்கிட்டாங்க.

கண்ணாடி போட்ட ஒல்லியான சார் ஒருத்தர் மட்டும் ஒத்துக்கல. பேங்க்ல வேலையாம், பறக்கக் கத்துக்கிட்டு ரெண்டாவது வருஷமாம். "அண்ணே, தள்ளிப் பறந்தா அது நமக்கு நல்லதுதாண்ணே. எவ்வளவு தூரத்துல இருந்து பாத்தாலும் காத்து எங்கேருந்து வருதுன்னு தெரியுது. அதோட மூஞ்சி எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துல இருந்து காத்து"ன்னார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "சார் சொல்றது கரெக்டுங்க. மனுசன் பொய் சொல்லுவான், எங்க மிஷின் சொல்லாது. எப்பவும் காத்துக்கு நேராத்தான் நிக்கும்"னு எடுத்து விட்டேன். கூட்டாளி பெஞ்சுக்கு அடியில என் காலை மிதிச்சான். ஏன்னா ரிப்பேர் நாள்ல விசிறியைப் பூட்டிட்டு, உச்சியில இருக்கற தலையை எங்களுக்கு வசதியான பக்கம் திருப்பி வச்சுக்குவோம். அதைச் சொல்லியிருக்கணும். இத்தனை பேர் முன்னாடி விட்டுக்கொடுக்க மனசு வரல. அந்த சார் என்னைப் பாத்து சந்தோஷமா தலையாட்டினார்.

டீக்கடை அம்மாதான் குறுக்க வந்துச்சு. "பொய் சொல்லுதோ இல்லியோ, அது ராவுல தானா தலையைத் திருப்பி எங்க வூட்டையே பாக்குது தம்பி. எனக்குப் புடிக்கல"ன்னு சொல்லுச்சு. "உங்களைப் பொண்ணு பாக்க வருதும்மா"ன்னு கிண்டல் பண்ணிட்டு எழுந்து வந்துட்டேன்.

வியாழக்கிழமை ஒரு மோட்டாரை மாத்த வேண்டியிருந்துச்சு. காத்தாடியோட தலைங்கறது ஒரு பஸ் அளவுக்குப் பெட்டி. மூஞ்சியில விசிறி, வால் பக்கம் தரையில ஒரு கதவு. அந்தக் கதவு வழியா சங்கிலியைக் கீழ விட்டு சாமானை மேல இழுக்கணும். ரோடும் சமதரையும் கிழக்கால இருக்கறதால வாலைக் கிழக்கே திருப்பினோம். மூஞ்சி மேற்கே போயிடுச்சு. காத்தோ கிழக்கே இருந்து மெதுவா, விடாம வந்துக்கிட்டிருந்துச்சு. மிஷின் காத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுச்சு.

ஒன்பது மணி இருக்கும், பெரம்பலூர்ப் பக்கத்துல இருந்து மேகம் ஏறி வந்துச்சு. உலையில கஞ்சி பொங்கி வர்ற மாதிரி, பாத்துக்கிட்டு இருக்கும்போதே பள்ளம், ரோடு, எங்க ஜீப்பு எல்லாத்தையும் மூடிடுச்சு. கீழ நின்ன டிரைவர் வாக்கி டாக்கியில "ஒண்ணும் தெரியல, நிறுத்துங்க"ன்னார். மோட்டாரைத் திரும்ப எறக்கிட்டு, சங்கிலியை மேல இழுத்துட்டு, பெட்டியோட கூரை மேல ஏறி நின்னோம். மேகம் எங்க காலுக்குக் கொஞ்சம் கீழ வந்து நின்னுச்சு. சுத்திலும் வெள்ளை, மேலயும் மூடாக்கு, சூரியன் எந்தப் பக்கம்னே தெரியல. எங்க பெட்டி மட்டும் அதுல மிதக்குது. ஊர் இல்ல, மலை இல்ல, ஒரு காக்கா சத்தம் கூட இல்ல. எத்தனையோ தடவை ஏறியிருக்கேன், அன்னைக்குத்தான் முதல் தடவையா கீழ தரை இருக்கான்னே சந்தேகம் வந்துச்சு.

அப்பதான் "பீப்"னு ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொரு பீப். ஏதோ அலாரம்னு நெனச்சு கூட்டாளி உள்ள போய்ப் பாத்தான். எல்லாம் அணைஞ்சிருக்கு. சத்தம் மறுபடி வந்துச்சு. வெளியில இருந்து, எங்க முதுகுக்குப் பின்னாடி இருந்து. கூடவே ஈரத்துணியை உதறினா வருமே, அப்படி ஒரு படபடப்பு.

"அண்ணே!"

மனுஷக் குரல். இருபத்தஞ்சு மாடி உயரத்துல, கால் வைக்க இடமில்லாத இடத்துல இருந்து. என் கையிலிருந்த மயிரெல்லாம் நட்டுக்கிச்சு. கூட்டாளி "மாதாவே"ன்னு சிலுவை போட்டுக்கிட்டான். ரெண்டு பேரும் திரும்பிப் பாக்கல. திரும்பற தைரியம் இல்ல, அதான் நிஜம்.

ரெண்டாவது தடவை கூப்பிட்டப்ப மெதுவா எட்டிப் பாத்தோம். வாலுக்குப் பின்னாடி வெள்ளைக்குள்ள இருந்து ஆரஞ்சு கலர்ல ஒரு சிறகு எழும்பி வருது. அதுக்குக் கீழ கயித்துல தொங்கிக்கிட்டு கண்ணாடிக்காரர். அந்த பேங்க் சாரேதான். எங்களைவிடக் கொஞ்சம் உயரத்துல, கூப்பிடு தூரத்துல கடந்து போனார். ஹெல்மெட்டுல மாட்டியிருந்த சின்னக் கருவிதான் பீப் போட்டிருக்கு. மேல ஏறினா பீப்புன்னும், எறங்கினா ஊளையிடற மாதிரி இழுத்தும் கத்துமாம்.

"போனு காட்டுல விழுந்துருச்சுண்ணே! திசை தெரியல! தரை தெரியுதா?"

"தெரியலைங்க சார்!"

"பரவால்ல! மேகம் விலகற வரைக்கும் காத்தைப் பாத்து இங்கயே நிக்கறேன்! அதான் உங்க மிஷின் இருக்கே!" கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டு, காத்தாடி மூஞ்சி பாத்த திசைக்கே தன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார்.

நானும் சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டினேன். மடையன்! ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் பாக்கறேன், நிக்கறேன்னு சொன்ன மனுஷன் நிக்கல. சின்னதாகிக்கிட்டே போறார். எதிர்க்காத்துல முகத்தைக் கொடுத்தா நின்ன இடத்துலயே மிதக்கலாம். இவர் எங்க மிஷினை நம்பி மேற்கே திரும்பியிருக்கார், காத்து முதுகுல தள்ளுது. கீழ வெறும் வெள்ளை, வேகம் தெரிய வழியே இல்ல. அந்தப் பக்கம் மலை உள்ள போகப் போக உசந்துக்கிட்டே போகும். அந்த வெள்ளைக்கு அடியில பாறை, மரம் எல்லாம் ஒளிஞ்சு நிக்குது. அவரோ கொஞ்சம் கொஞ்சமா அதுக்குள்ள எறங்கிக்கிட்டிருக்கார். அந்தக் கருவி ஊளையிட ஆரம்பிச்சது எங்களுக்கே கேட்டுச்சு.

தொண்டை கிழியக் கத்தினோம். காத்து கிழக்கே இருந்து போறதால சத்தமும் போய்த்தான் இருக்கும், ஆனா அந்த ஊளைக்கும் படபடப்புக்கும் நடுவுல அவருக்கு எங்க கேக்கப்போகுது? பொண்டாட்டி பிள்ளை இருக்கற மனுஷனா இருக்குமேன்னு நெனச்சேன். பொய் சொல்லாதுன்னு நான் சொன்ன வார்த்தை காதுல வந்து குத்துச்சு.

"தலையைத் திருப்புடா! அது ஒண்ணைத்தான் அவர் பாப்பார்!"னு கூட்டாளி கத்தினான். ஆபீஸ்ல கேக்காம, கீழ சொல்லாம, ஆளை வெளியில வச்சுக்கிட்டு திருப்பவே கூடாது. வேலை போயிடும். உள்ள பாஞ்சு பட்டனை அழுத்தினேன். ஒரு தடவை அழுத்தினா போதும், காத்து இருக்கற பக்கம் அதுவா திரும்பிக்கும். ஆனா அதோட வேகம் இருக்கே, எருமை எந்திரிக்கிற வேகம். முனகிக்கிட்டு மெல்ல மெல்ல நகருது. கூட்டாளி கூரை மேல கொக்கியை மாட்டிக்கிட்டு மண்டி போட்டு உக்காந்து எனக்குச் சொல்லிக்கிட்டே இருந்தான்.

"போறாரு... இன்னும் போறாரு... கால் மேகத்துல படுதுடா... திரும்பிப் பாரு சார், திரும்பிப் பாரு..."

பாதி தூரம் திரும்பியிருக்கும். சட்டுன்னு அவன் பேச்சு நின்னுடுச்சு.

"பாத்துட்டாரு! டேய், வளைக்கிறாருடா!"

நான் கூரைக்கு ஏறறதுக்குள்ள ஆரஞ்சு சிறகு எங்களைப் பாத்துத் திரும்பிடுச்சு. இப்ப நெஜமாவே எதிர்க்காத்து, ஆமை மாதிரி வர்றார். பாதி வழி கூட வந்திருக்க மாட்டார், மேகத்துக்குள்ள முழுசா மூழ்கிட்டார். வெள்ளை மேல ஒரு கோடு கூட இல்ல. உள்ள எங்கேயோ அந்தச் சத்தம் மட்டும் எங்க நேருக்கு வந்துக்கிட்டிருக்கு. நேரா வந்தா எங்க தூண்லயே மோதிடுவார்.

பெரிய ஸ்பேனரை எடுத்து இரும்புல டங்கு டங்குன்னு அடிச்சேன். "சத்தம் வர்ற இடத்துல தூண் இருக்கு சார்! உங்க வலது பக்கமா ஒதுங்கி நேரா போங்க! ரோடு அந்தப் பக்கம்தான்!" கூட்டாளி அதையே திருப்பித் திருப்பிக் கத்தினான். சத்தம் கிட்ட வந்துச்சு. எங்க காலுக்கு நேர் கீழ வந்துச்சு. துணி படபடக்கறது கேக்குது, ஒரு மனுஷன் மூச்சு வாங்கறது கேக்குது, ஆள் மட்டும் இல்ல. எங்க காலுக்கு அடியில, வெள்ளைக்குள்ள, தூணை ஒட்டிக் கடந்து கிழக்கே போய்த் தேஞ்சு மறைஞ்சிடுச்சு. அதை இப்ப நெனச்சாலும் உள்ளங்கால் கூசுது.

அப்புறம் ஒண்ணுமே இல்ல. நானும் அவனும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கல. காத்தாடி மட்டும் தன் பாட்டுக்குத் திரும்பி முடிச்சு, கிழக்கே பாத்து நின்னுச்சு. எவ்வளவு நேரம்னு தெரியல, வாக்கி டாக்கி கரகரன்னுச்சு. "யோவ், என் தலைக்கு மேல ரெண்டு காலு போச்சுய்யா! பேயா பிசாசா?"ன்னு டிரைவர். அதுக்கும் ரொம்ப நேரம் கழிச்சு டீக்கடை அம்மா போன் பண்ணிச்சு. கண்ணாடிக்காரர் அடிவாரத்துல அறுத்த சோளக்கொல்லையில எறங்கி, முட்டி பேத்துக்கிட்டு, கடையில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்காராம். நான் கூரை மேலயே உக்காந்து அழுதுட்டேன்.

சாயந்தரம் போய்ப் பாத்தேன். மீசைக்காரரும் இருந்தார். எல்லார் முன்னாடியும், ரிப்பேர் நாள்ல தலையைத் திருப்பி வைப்போம், அது தெரிஞ்சும் பெருமைக்காக மறைச்சுட்டேன்னு சொன்னேன். மீசைக்காரர் அடிக்க வந்துடுவார்னு நெனச்சேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "நானும் இவனும் நாள்கணக்கா சண்டை போட்டோம். அந்த மிஷினுக்குள்ள ஆள் இருப்பாங்க, அவங்களைக் கேக்கலாம்னு ஒருத்தனுக்கும் தோணல பாரு"ன்னார்.

கண்ணாடிக்காரர் மெதுவாத்தான் பேசினார். "எங்க இருக்கோம்னு பாக்கத் திரும்பினேன். வெள்ளைக்கு மேல ஒத்தைத் தலை. அது என்னைப் பாத்துக்கிட்டே இருந்துச்சு, திடீர்னு மெதுவா மூஞ்சியைத் திருப்பிக்க ஆரம்பிச்சுது. பயத்துல கத்திட்டேன். அப்புறம்தான், யாரோ எங்கிட்ட பேசறாங்கன்னு புரிஞ்சுது." கேட்டுக்கிட்டிருந்த டீக்கடை அம்மா, "நான் சொன்னப்ப சிரிச்சீங்களே"ன்னு என்னைப் பாத்துச்சு.

கேக்காம திருப்பினதுக்கு ஆபீஸ்ல விளக்கம் கேட்டு எழுதினாங்க, நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். வேலை போகல. இப்பல்லாம் ரிப்பேர் நாள்ல முதல்ல மீசைக்காரருக்கு ஒரு போன் போடுவேன், இன்னைக்கு இதைப் பாத்துக் காத்தைக் கணிக்காதீங்கங்கறதுக்கு அடையாளமா வால்ல ரெண்டு சிவப்புத் துணியும் கட்டிடுவோம். காத்தாடி மலைக்கு நல்லதா கெட்டதாங்கற சண்டை அந்தக் கடையில இன்னும் ஓயல, அதுக்குள்ள நான் போறதில்ல. ஆனா பட்டன் மேல விரல் வைக்கப் போகும்போதெல்லாம் முதல்ல கூரைக்கு ஏறி வானத்தை ஒரு சுத்து பாத்துட்டுத்தான் அழுத்தறேன், நான் சொன்னதை நம்பிக்கிட்டு எவரோ ஒருத்தர் அங்க நின்னுக்கிட்டு இருக்கலாம்.