ஜெபத்தில் விட்டுப்போன பெயர்

முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு வாசித்த வாய் இது. பெயர் மறக்காத எலியேசர் வாத்தியார் என்று முடிச்சூரில் எனக்கு ஒரு பெருமை உண்டு. வெட்கங்கெட்ட பெருமை.

பத்து வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில் என்னையும் என் மனைவி ஞானசௌந்தரியையும் மொட்டைமாடியிலிருந்து படகில் ஏற்றிக் கரைசேர்த்தவர் கோவளத்து மீனவர் ஒருவர். எங்கள் கேட் கம்பி கிழித்து அவர் காலில் ரத்தம் கொட்டியது. இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உயிர் இருக்கிறவரைக்கும் எங்க குடும்ப ஜெபத்துல தினமும் உங்க பேரு இருக்கும்ணா" என்று வாக்குக் கொடுத்தேன்.

சொன்னேன்தான். முதல் வருடம் பெயர், ஊர், காயம்பட்ட கால் எல்லாம் சொல்லி ஜெபித்தேன். பிறகு கால் போனது. ஊர் போனது. "எங்களைக் காப்பாற்றின அந்த அண்ணன்" ஆனார். இப்போது சில வருடங்களாக, "எங்களுக்கு நன்மை செய்த யாவரையும் ஆசீர்வதியும்." அவ்வளவுதான். மனசாட்சி ஒருநாளும் குத்தவில்லை. ஜெபத்தை நிறுத்தவில்லையே நான்!

போன செவ்வாய்க்கிழமை மாலை அவரே வாசலில் வந்து நின்றார். படகுக்காரர் என்று சொன்னதும் முகம் பிடிபட்டது. பெயர்? ஓர் எழுத்துகூட வரவில்லை. தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் சமையலறைக்குள் போய் ஞானசௌந்தரியிடம் கிசுகிசுத்தேன். அவளும் திருதிருவென்று விழித்தாள்.

தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு அவர் சொன்னார்: "நாளிக்கு எங்க வூட்டம்மா முத்தாலம்மாளுக்கு ஹார்ட் ஆபரேசன் சார். பயமா கீது. நீங்க தினமும் என் பேர சொல்லி ஜெபம் பண்றீங்கன்ற தெகிரியத்துலதான் அது என்னிய இத்தினி வருசமா கடலுக்கே அனுப்புது."

முழங்காலிட்டோம். முத்தாலம்மாளைச் சொன்னேன், மருத்துவர்களைச் சொன்னேன். "அவருடைய கணவர்..." என்று தொடங்கி, "இந்த அண்ணனையும்" என்று மழுப்பினேன்.

பக்கத்திலிருந்து தயங்கித் தயங்கி அவர் குரல் வந்தது. "கங்காதரன்னு சொல்லுங்க சார். வேற யாருக்காச்சும் போயிடப் போவுது."

சொன்னேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

செருப்பு மாட்டும்போது அவர் காலில் தழும்பு தெரிந்தது. இடது கால். வலது என்றல்லவா நினைத்திருந்தேன்!

"பதட்டத்துல மறந்துட்டீங்க, இன்னா சார்?" என்று அவரே என் தோளைத் தட்டினார். "தினமும் சொல்ற பேராச்சே."

ஆமாம் என்று தலையாட்டினேன். அதையும் செய்தேன் நான்.