இரண்டு முடிச்சு போட்ட சின்னம்

நகரத்தின் கலாசாரத் துறைக்குச் சின்னம் வரையும் வேலை கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கோபுரம், வீணை, தாமரை என்று வரைந்து வரைந்து எனக்கே சலித்துவிட்டது. கடைசியில், எங்கள் பழவேற்காட்டு ஏரியில் வலை போடும் இடத்துக்கு அடையாளமாக நடுகிற கழியை வரைந்தேன். கீழே தண்ணீருக்கு மூன்று கோடு, கழியில் இரண்டு கயிற்று முடிச்சு. அதிகாரிகளுக்குப் பிடித்துப்போயிற்று. பெருமை தாங்காமல் அன்றே வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

மறுநாள் விடிந்ததும் ஊரிலிருந்து அப்பா, எங்கள் நைனா, போன் செய்தார். "இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க? ஊர்ல கூட்டம் போட்டுட்டாங்க. ஒடனே கெளம்பி வா."

விஷயம் முடிச்சில் இருந்தது. எங்கள் ஊர்க் கழிக்கு ஒரு முடிச்சு. எதிர்க்கரை ஊர்க் கழிக்கு இரண்டு. இரண்டு ஊருக்கும் நடுவில் ஓர் இடத்துக்காக வருஷக்கணக்கில் தகராறு, மனுவெல்லாம் போயிருந்தது. ஒரு முடிச்சு போட்டால் சின்னம் மொட்டையாகத் தெரிகிறது என்று நான்தான் இரண்டாக்கினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். பட்டணத்தில் எவன் எண்ணிப் பார்க்கப்போகிறான் என்ற திமிர்தான்.

அன்று பாடு சீட்டு எடுக்கும் நாள். ஏரியில் யார், எந்த நாள், எங்கே வலை போடுவது என்பதை எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். சீட்டில் பேர் இல்லையென்றால் அந்த வருஷம் ஏரியில் இடமில்லை. நைனாவின் சீட்டை மட்டும் ஊர்த்தலைவர் தனியாக எடுத்துக் கைக்குள் மூடி வைத்திருந்தார். பெண்கள் யாரும் நிற்காத அந்தக் கூட்டத்தின் நடுவில் போய் நின்றேன்.

"கவர்மெண்டு சின்னத்துலயே அவங்க முடிச்சு. நாளைக்கு அதக் காட்டி, எடம் எங்களுதுன்னு அவங்க சொன்னா நீ வந்து பதில் சொல்வியா?" என்றார் தலைவர்.

"ரெண்டு முடிச்சையும் எடுத்துடறேன் மாமா."

"முடிச்சு இல்லாத கழின்னா யாரு வேணா எறங்கலாம்னு அர்த்தம். அதுக்கு இதுவே மேலு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகிவிட்டது. நைனா என் பக்கம் திரும்பவே இல்லை. தோள் துண்டை எடுத்துக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றார்.

எல்லோர் முன்னாலும் துறை அதிகாரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினேன். கழியையே எடுத்துவிட்டு வேறு வரைந்து தருகிறேன் என்றேன்.

"மேல கையெழுத்தே ஆயிடுச்சும்மா. இனிமே மாத்த முடியாது. வேணும்னா வாபஸ் வாங்கிக்குங்க, நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம். ஆனா இந்த வேலை உங்களுக்குத் திரும்ப வராது. என்ன சொல்றீங்க?"

மூன்று மாத உழைப்பு. நகரம் முழுக்க என் கோடு நிற்கும் என்று கனவு கண்டுகொண்டிருந்தேன். கூட்டமே தலைவரின் மூடிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வாபஸ் வாங்கிக்கறேன் சார்," என்றேன். நின்ற இடத்திலேயே மெயிலும் அனுப்பினேன்.

தலைவர் கையை விரித்து நைனாவின் சீட்டையும் குலுக்கும் குடத்தில் போட்டார். குலுக்கியதில் நைனாவுக்கு நல்ல இடமாகவே விழுந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

பஸ் ஏற்றிவிட நைனா கூட வந்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"நல்லாத்தாம்மா போட்டிருந்தே," என்றார்.