இரண்டு ஜாம் போத்தல் டீசல்

குளிர் குறைந்த தெற்குத் தீவு நகரம் ஒன்றின் ஒரேத்தோ பகுதியில் இருந்த லொறி முற்றத்தில் ஐந்து லொறிகள். அவற்றுக்கு டீசல் அடிப்பதும், வடிகட்டி மாற்றுவதும், கழுவித் துடைப்பதும் பீலிக்ஸின் வேலை. மன்னாரில் படகு எஞ்சின்களோடு பழகியவன். டீசலில் தண்ணீர் கலந்தால் படகு நடுக்கடலில் நின்றுவிடும் என்று தெரியும். அதனால் தினமும் காலையில் வடிகட்டிகளின் அடித்திருகைத் திறந்து, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் மற்ற வேலை தொடங்குவான். ஆறு வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

அதனால்தான் 2012 பெப்ரவரியில் முதலாளியம்மா, சிஞ்ஞோரா கத்தரீனா சொன்னது அவனைச் சுட்டது. சியாகுல்லி என்ற ஊரின் மந்தரின் தோடம்பழங்களோடு அந்த முற்றத்து லொறி முதன்முறையாக அல்ப்ஸ் மலை தாண்டப் போய், பிரென்னர் கணவாயில் ஒன்றரை நாள் நின்றுவிட்டது. பழம் முழுக்க உறைந்து வீண். திருத்த வந்தவர் 'வடிகட்டி அடைத்துவிட்டது' என்று எழுதிக் கொடுத்திருந்தார். அடைத்தது என்றால் அழுக்கு, இல்லையேல் தண்ணீர். இரண்டுக்கும் பொறுப்பு பீலிக்ஸ். திங்கட்கிழமை அடுத்த லொறி போகும், அதுவும் நின்றால் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்றார் சிஞ்ஞோரா. ஒப்பந்தம் இல்லாவிட்டால் மே மாதம் முடிகிற பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியும் இல்லை. நாட்டில் இருக்க முடியாது.

மறுநாள் சனிக்கிழமை காலை, அல்பெர்கேரியா பகுதியில் இருந்த வீட்டுக் குசினியில் அக்கா மாக்கிரட் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணீருக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தமுறை குளிர் கூட. தலைக்கு வைக்கச் சொட்டும் வருகுதில்லை."

பீலிக்ஸ் போத்தலையே பார்த்தான். அடியில் வெள்ளைக் கட்டி. அழுக்கும் இல்லை, தண்ணீரும் இல்லை. வெறும் குளிர்.

"அக்கா, டீசலும் எண்ணெய்தானே?"

"ஏன், அதையும் தலைக்கு வைக்கப் போறியோ?"

அன்று பின்னேரம் இரண்டு ஜாம் போத்தல்களோடு வந்தான். ஒன்றில் செப்டம்பரில் நிரப்பிய முற்றத்துத் தொட்டியின் டீசல். மற்றதில், நின்றுபோன லொறிக்குத் திரும்பி வரும் வழியில், வடக்கே மலையடிவாரப் பொல்சானோவில் அடித்த டீசலின் மிச்சம். இரண்டிலும் இடமும் திகதியும் எழுதி ஒட்டி, உறைபெட்டிக்குள் வைக்கப் போனான்.

"உனக்கென்ன விசரோ? உதுக்குள்ளை மூண்டு கிலோ மீன் கிடக்கு!"

"மூடி இறுக்கம் அக்கா. திங்கள் காலமை எடுத்திடுவன்."

"மணந்துதெண்டால் முழுக்க நீதான் தின்ன வேணும், சொல்லிப்போட்டன்."

திங்கள் காலை போத்தல்களைக் கடதாசியில் சுற்றி, குளிர் போகாமல் இருக்க இரண்டு பக்கமும் உறைந்த மீன் பொதிகளை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தான். அலுவலகத்தில் சிஞ்ஞோராவோடு, நின்றுபோன லொறியை ஓட்டிய சாரதி விக்னராஜாவும் நின்றார். பீலிக்ஸ் முதல் போத்தலைத் தலைகீழாகப் பிடித்தான். டீசல் மாட்டுக்கொழுப்புப் போல ஒட்டிக்கொண்டு நின்றது. அடுத்ததைக் கவிழ்த்தான். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் கடகடவென்று மூடிப் பக்கம் இறங்கியது.

சிஞ்ஞோரா பேனா முனையால் கட்டியைக் கிளறிப் பார்த்தார். பிறகு, லொறி எப்போது நின்றது என்று விக்னராஜாவைக் கேட்டார். எஞ்சின் சூட்டோடு ஓடும்வரை ஒன்றுமில்லை, நிறுத்திப் படுத்து எழும்பினபோதுதான் என்றார் அவர். சிஞ்ஞோரா பேனாவைத் துடைத்து மூடினார். "இன்றைக்குப் போகிற லொறிக்கு என்ன செய்யலாம்?" என்று பீலிக்ஸிடம் திரும்பினார்.

பீலிக்ஸ் அந்த லொறியின் டாங்கியில் முற்றத்து டீசல் இருநூறு லீற்றர் மட்டும் விட்டான். கப்பலில் ஜெனோவா போய் இறங்கி பொல்சானோ சேர அது தாராளம். உறையாமல் தடுக்கும் மருந்தை, டீசல் குளிர்ந்து கட்டியாகும் முன்பே அதில் கலந்தான். ரேடியேட்டரில் இருந்த குழாய்த் தண்ணீரை வெளியே வடித்துவிட்டுப் பாதிக்குப் பாதி உறைதடுப்புத் திரவம் விட்டான். பிரேக்கின் காற்றுத் தொட்டிகளில் தேங்கிய நீரையும் வடித்தான்.

"அரைவயித்தோடை மலைக்கு அனுப்பிறாய் தம்பி," என்றார் விக்னராஜா.

"பொல்சானோவிலை மலை டீசல் வயிறு முட்ட அடியுங்கோ அண்ணை. அதுக்கு முன்னம் எஞ்சினை நிப்பாட்டிப் படுத்திடாதேங்கோ."

"படுத்தால்?"

"உங்களுக்கும் சேத்துத்தான் அக்கா மீன் வைச்சிருக்கிறா."

வியாழன் காலை ஏழு மணிக்கு, வடிகட்டி ஒன்றின் திருகு கையில் இருக்கும்போது கைத்தொலைபேசி அடித்தது.

"பிரென்னரிலை நிக்கிறன். பொல்சானோவிலை வயிறு முட்ட அடிச்சுப்போட்டு, ராத்திரி இஞ்சை நிப்பாட்டிப் படுத்தனான். சைபருக்குக் கீழை பத்தொன்பது. பக்கத்திலை மூண்டு லொறி, ஒண்டும் அசையேல்லை. ஒருத்தன் டாங்கிக்குச் சுடுதண்ணி ஊத்திறான்."

"அண்ணை, உங்கடை?"

"பொறு, இப்பதான் திறப்புப் போடுறன். கேள்."

எஞ்சின் முதல்முறை இழுத்து இழுத்து நின்றது. பீலிக்ஸின் விரலிடுக்கால் டீசல் வடிந்துகொண்டிருந்தது. இரண்டாம் முறை இருமியது, பிடித்தது, பிறகு ஒரே சீராக ஓடியது. விக்னராஜா ஏதோ கத்தினார், எஞ்சின் சத்தத்தில் விளங்கவில்லை. பீலிக்ஸ் திருகை இறுக்கிவிட்டு அடுத்த லொறிக்குப் போனான்.

ஏப்ரலில் இரண்டு வருட ஒப்பந்தம் வந்தது. வேலை என்ற இடத்தில் 'கழுவுபவர்' இல்லை, 'பட்டறை உதவியாளர்' என்று இருந்தது. மாக்கிரட் அதை மூன்று பிரதி எடுத்து வைத்தாள். தேவாலயத்தில் காண்கிறவர்களுக்கெல்லாம் தம்பி மலையில் லொறியை ஓடவைத்த கதையைச் சொல்லிவிட்டு, டீசல் மணத்த மூன்று கிலோ மீனைக் குப்பையில் கொட்டியதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்வாள்.