இடது கையிலும் விழுந்த பெட்டி

போன வருட மழைக்காலத்தில் ஒரு மாலை, பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குத் திரும்பும் ஃபெரியில் ஆரம்பித்த விஷயம் இது. முடிந்தது எங்கள் வீட்டு ஹாலில், தொலைக்காட்சிக்கு முன்னால்.

நான் பட்டர்வொர்த்தில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் கணவரும் அதே கரையில்தான், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட கேபினில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு, கப்பலில் இருக்கும் கண்டெய்னர்களைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். அவர் அதைக் கண்டெய்னர் என்று சொல்ல மாட்டார், பெட்டி என்பார். ஏதோ ஊருக்குக் கிளம்பும்போது தூக்கும் பெட்டி மாதிரி.

அந்த மழைக்காலத்தின் ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கி அவருடைய வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. கட்டுப் பிரித்த பிறகும் கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மறுபடியும் கேபினில் ஏற்றுவதற்கு முன்னால் துறைமுகத்தில் சோதித்துப் பார்ப்பார்கள். தேறவில்லை என்றால் கீழே வேறு ஏதாவது வேலை கொடுப்பார்கள். சம்பளம் குறைந்தால்கூடச் சமாளித்துக்கொள்வேன். ஆனால் இத்தனை வருடம் மேலே இருந்து பார்த்த மனிதர் தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் விரலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, அழுத்திக்கொண்டே இருக்கச் சொன்னாள். பந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சுகமாக ஓய்வெடுத்தது. இவரும் அதற்கு எதிரே நாற்காலியில் ஓய்வெடுத்தார். பேச்சு குறைந்துவிட்டது. அடுத்த முறை போனபோது அந்தப் பெண், பந்து பிடிக்கவில்லை என்றால் வீடியோ கேமாவது விளையாடட்டும், கட்டைவிரல் அசைந்தால் போதும் என்று பாதி விளையாட்டாகச் சொன்னாள். எங்கள் மகள் கோலாலம்பூருக்குப் படிக்கப் போகும்போது தன் கேம் கன்சோலை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தாள். சரி, ஒரு கேம் வாங்கிப் போடலாம் என்று இறங்கினேன்.

இறங்கிய பிறகுதான் தெரிந்தது. நான் பசாரில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காதவள். மங்குஸ்தீனைக்கூட அழுத்திப் பார்த்துத்தான் எடுப்பேன். இங்கே எதைத் தூக்கிப் பார்ப்பது? எல்லா கேமும் படத்தில் பளபளவென்று இருக்கிறது. இறக்கிக்கொண்டால் திருப்பிக் கொடுக்க முடியாது என்று வேறு மகள் பயமுறுத்தியிருந்தாள். தேடித் தேடிக் கடைசியில் துறைமுகக் கிரேன் ஓட்டும் கேம் ஒன்று கண்ணில் பட்டது. கிட்டத்தட்ட இருநூறு வெள்ளி. விலை கையைக் கடித்தாலும், இவருக்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஃபெரியில் உட்கார்ந்தபடி, போனில் வாங்கும் பட்டனுக்கு மேலே விரலை வைத்துவிட்டேன்.

"அக்கா, மன்னிக்கணும். பாத்து லா, அவசரப்பட்டு வாங்கிடாதீங்க."

பக்கத்தில் தலையை மூடித் தூடோங் அணிந்த ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமும் கையுமாகத்தான் இருப்பாராம். அவர் என்னை அக்கா என்றார், நானும் அவரை அக்கா என்றேன். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

கடையில் போடும் விளம்பர வீடியோ, பெண் பார்க்க அனுப்பும் போட்டோ மாதிரி, அதை நம்பவே கூடாது என்றார். யாராவது வெட்டாமல் ஒட்டாமல் விளையாடிய வீடியோ இருக்கும், அதில் ஆரம்பத்தை விட்டுவிட்டு நடுவில் பாருங்கள், அங்கேதான் சரக்கு தெரியும் என்றார். நிறைய கேம்களுக்கு டெமோ உண்டு, கொஞ்சம் விளையாடிப் பார்க்கக் காசு வாங்க மாட்டார்கள் என்பதும் எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். பிறகு யாருக்காக வாங்குகிறேன் என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன், முன்பின் தெரியாத மனுஷியிடம் கண்ணீரே வந்துவிட்டது. அவர் தன் கையை நீட்டிக் காட்டினார். அவருக்கும் மணிக்கட்டில் தீராத வலியாம், பட்டை கட்டியிருந்தார்.

"விலைய அப்புறம் பாருங்கக்கா. மொதல்ல செட்டிங்ஸ்ல போயி, ஒத்தக் கையால வெளையாட முடியுமான்னு பாருங்க. முடியாட்டி, சும்மா குடுத்தாலும் வேணாம் லா."

ஃபெரி கரையைத் தொட்டது. எல்லாரும் எழுந்து நெருக்கியடித்ததில் அவர் எந்தப் பக்கம் போனார் என்றே தெரியவில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அந்தக் கிரேன் கேமுக்கு டெமோ இருந்தது. மகள் போனில் சொல்லச் சொல்ல இறக்கிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவரை உட்கார வைத்தேன். இது என்ன சின்னப் பிள்ளை வேலை என்று முனகினாலும், திரையில் கப்பல் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பெட்டியைத் தூக்கினார். ஆடியது. லாரி மேல் மோதி விழுந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவையும் விழுந்ததும் திரையில், நீங்கள் இன்னும் பயிற்சி எடுக்க வேண்டும் என்று வந்தது.

அவர் கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பாத்தியா. கை போச்சு."

சும்மா உட்கார்ந்திருந்த மனிதரைக் கூப்பிட்டு, அவர் பயந்துகொண்டிருந்ததை நானே படம் போட்டுக் காட்டிவிட்டேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கன்ட்ரோலரை எடுத்தபோதுதான் ஃபெரியில் கேட்டது ஞாபகம் வந்தது. செட்டிங்ஸுக்குள் போய்த் துழாவினேன். ஒற்றைக் கை வசதி இருந்தது. எல்லாப் பட்டனையும் இடது கைக்கு மாற்றிவிட்டு நீட்டினேன். வேண்டாம் என்றார். இடது கை நல்லாத்தானே இருக்கு, எனக்காக ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினேன்.

இடது கையால் தூக்கினார். பெட்டி அதே மாதிரி ஆடி, அதே லாரி மேல் மோதி, அதே இடத்தில் விழுந்தது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். இன்னொரு முறை, ரொம்ப மெதுவாக, பெட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திப் பார்த்தார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த நாள்முதல் நான் பார்க்காத முகம் அது. கேபினில் இருக்கும்போது அப்படித்தான் இருப்பாராயிருக்கும்.

"வேலையில, பெட்டி எந்தப் பக்கம் ஆடுதோ அந்தப் பக்கமே கிரேன தள்ளிப் பிடிப்போம். அப்பதான் ஆட்டம் நிக்கும். இதுல எதிர்ப்பக்கம் இழுத்தாத்தான் நிக்குது. இத செஞ்சவன் கிரேன் கிட்டயே போயிருக்க மாட்டான் லா." பிறகு தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கையில கோளாறு இல்லம்மா. கேமுலதான் கோளாறு."

நான் தே போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதேன். பால் பொங்கி வழிந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அவர் கை அப்போதும் விறைப்பாகத்தான் இருந்தது. ஆனால் கை போய்விட்டது என்ற நினைப்பு அவரை விட்டுப் போய்விட்டது, எனக்கு அது போதும்.

அதற்குப் பிறகு அந்தக் கேமை வலது கையாலேயே ஜெயித்துக் காட்டுவது என்று பிடிவாதம் பிடித்தார். டெமோவில் இருப்பது ஒரே ஒரு கப்பல். அதன் பெட்டிகளையே திரும்பத் திரும்ப இறக்கினார். கேமைச் செய்தவனை வாய் ஓயாமல் திட்டுவார், கட்டைவிரலும் ஓயாது. ஆஸ்பத்திரிப் பெண் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, பந்தை நன்றாக அழுத்தியிருக்கிறீர்கள் என்று பாராட்டினாள். இவர் வெட்கமே இல்லாமல் தலையாட்டினார். தப்பான கிரேனில் பழகிவிட்டு நிஜக் கிரேனில் எதிர்ப்பக்கம் இழுத்துவிடுவாரோ என்று எனக்கு ஒரு புதுக் கவலை. கேட்டதற்குச் சிரித்தார். ஆனாலும் சோதனைக்கு ஒரு வாரம் முன்பே கன்சோலை அணைத்துவிட்டார்.

சோதனை அன்று அலுவலகத்தில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. பாஸ் என்றோ ஃபெயில் என்றோ அவர் சொல்லவில்லை.

"பெட்டி ஆடவே இல்ல" என்றார், அவ்வளவுதான்.

நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் சாப்பாட்டில் உப்பு உறைப்பு தெரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து அந்தக் கேம் பாதி விலைக்கு வந்தது. வாங்கட்டுமா என்று கேட்டேன். அந்தக் கேமுக்கெல்லாம் யாராவது காசு கொடுப்பார்களா என்று என்னையே முறைத்தார். விடுமுறைக்கு வந்த மகள் இடத்தை அடைக்கிறது என்று டெமோவை அழிக்கப் போனாள், நான் விடவில்லை. மாலை ஃபெரியில் ஏறியதும் தூடோங் அணிந்த முகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன், அந்த அக்காவை இன்னும் காணவில்லை.

இன்றும் எதை வாங்கினாலும் முதலில் விலையைத்தான் பார்க்கிறேன், அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது; ஆனால் அன்று இடது கையிலும் பெட்டி விழுந்ததே, அந்த ஒரு நிமிடத்துக்கு என்ன விலை சொல்லியிருந்தாலும் பேரம் பேசாமல் கொடுத்திருப்பேன்.